ஸ்டே கம்பியில் நிற்கும் 60 அடிக் கோபுரத்தை இறக்குவது எப்படி?

ஸ்டே கம்பியில் நிற்கும் அன்டெனாக் கோபுரம் தன் காலில் நிற்பதில்லை. ஸ்டே கம்பிகள், அதாவது கோபுரத்தைத் தரையோடு கட்டும் கம்பிகள், மூன்று பக்கமும் சமமாக இழுப்பதால்தான் நிற்கிறது. ஆகவே எதைக் கழற்றுமுன்னும் கேளுங்கள்: இது போனால் எது தாங்கும்?

இங்கே சொல்வது 10 அடித் துண்டுகள் ஆறு பூட்டிய, 30 அடியிலும் 55 அடியிலும் ஸ்டே உள்ள முக்கோணக் கோபுரத்துக்கு. 12 அங்குல அகலத் துண்டு ஒன்று ஏறக்குறைய 18 கிலோ. ஏறிப் பழகியவர் ஒருவர், கயிறு பிடிக்க இருவர், கீழிருந்து கவனிக்க ஒருவர் வேண்டும்.

நாள்: ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றும் மழையும், வேண்டாம். பெப்ரவரிக் காலை நல்லது. கம்பியில் பனி ஈரம் காய்ந்த பிறகே ஏறுங்கள்.

1. ஏறுமுன்

ஸ்டேயை மண்ணில் பிடித்திருக்கும் நங்கூரக் கம்பியைச் சுற்றி ஓர் அடி தோண்டிப் பாருங்கள். துரு மண்ணுக்குச் சற்றுக் கீழேதான் தின்னும். தேயிலைச் சரிவில் மழை மண்ணை அரித்திருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. அடித்துண்டின் கால்களைச் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமாக ஒலித்தாலோ ஓட்டை விழுந்தாலோ யாரும் ஏறக்கூடாது. கோபுரம் சாய்ந்தால் எட்டும் தூரத்தில் மின்கம்பி இருந்தால், மின்சார சபையிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்துங்கள்.

2. தற்காலிக ஸ்டே

முதலில் அன்டெனாவும் கேபிளும் இறங்கட்டும். பிறகு 45 அடியில் மூன்று தற்காலிக ஸ்டே கட்டி இறுக்குங்கள். நைலோன் கயிறு நீளும், பொலியெஸ்டர் எடுங்கள். தேயிலைச் செடியில் கட்டவே வேண்டாம். அதன் பிறகே 55 அடி ஸ்டேக்களைத் தளர்த்துங்கள். மூன்றையும் மாறி மாறி, டர்ன்பக்கிளை (ஸ்டேயை இறுக்கித் தளர்த்தும் திருகை) அரைச் சுற்றாக. ஒன்றை மட்டும் முழுதாக விட்டால் மற்ற இரண்டும் கோபுரத்தைத் தம் பக்கம் வளைக்கும்.

3. இறக்குதல்

இரட்டைக் கொக்கி ஹார்னஸைக் கழற்றாத கீழ்த்துண்டில் மாட்டுங்கள். கப்பித் தண்டை (உச்சியில் கப்பி உள்ள, துண்டை இறக்கும் கம்பம்) அதே துண்டில் கட்டுங்கள். கப்பி, இறக்கும் துண்டின் பாதி உயரத்துக்கு மேல் வர வேண்டும். தாழ்ந்தால் துண்டு தலைகீழாகப் புரளும். வழிகாட்டிக் கயிறு ஒன்றும் கட்டி, கீழே நிற்பவர்களை விலக்கிவிட்டு, போல்ட்களைக் கழற்றுங்கள்.

துரு பிடித்த மூட்டைக் கப்பிக் கயிற்றால் இழுக்காதீர்கள். விடுபடும் நொடியில் துண்டு துள்ளி, ஏறியவர் மேல் மோதும். மூட்டின் இருபுறக் குறுக்குக் கம்பிகளுக்கிடையே கார் ஜாக் வைத்துத் தள்ளுங்கள்.

30 அடி ஸ்டேயைக் கழற்றுமுன் 15 அடியில் மறுபடி தற்காலிக ஸ்டே.

4. மறுபடி பயன்படுத்த

வளைந்த துண்டை ஒதுக்குங்கள். கால் குழாய்களின் அடித்துளையைக் கம்பி விட்டுத் திறங்கள். அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழைய போல்ட், பழைய ஸ்டே கம்பி எதுவும் வேண்டாம். புதுக் கம்பி முனைக்கு மூன்று கிளிப் (U வடிவ போல்டும் சேணம் என்ற கட்டையும் கொண்ட பிடி), சேணப் பக்கம் சுமை தாங்கும் கம்பியில் இருக்கட்டும். இழுவிசை, கம்பி அறும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு.