பழைய பைக்கின் ஸ்டியரிங் பெயாரிங்கை நீங்களே மாற்றலாம்

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் கிறவல் ரோட்டில் வருசக்கணக்காக ஓடிய பைக் ஒன்றை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து முன் சில்லைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால், ஹேண்டில் திரும்பும் தலைக்குழாய்க்குள் இருக்கும் ஸ்டியரிங் பெயாரிங் முடிந்துவிட்டது. அடுத்து, முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கின் இரண்டு கால்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தலைப்பக்கம் அசைந்தால் லூஸ். பிரேக் பிடிக்கும்போது கேட்கும் 'டொக்' சத்தமும் பெரும்பாலும் இதுதான்.

என் மாமாவின் ஹொண்டா சீஜி 125க்கு இந்த நோய் வந்தபோது ஒரு கராஜில் இரண்டு தரம் நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். ஆட்டம் நின்றது. ஆனால் மெதுவாக ஓடும்போது பைக் நேரே போக மறுத்தது, பாம்பு மாதிரி நெளிந்தது. கழற்றிப் பார்த்தபோது, பெயாரிங் குண்டுகள் ஓடும் கீழ்க் கிண்ணத்தில் வரிசையாகக் குழிகள்; நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. கிறீஸ் தேயிலைச் சக்கை நிறத்தில் காய்ந்து கிடந்தது. நாம் பெரும்பாலும் நேராகவே ஓடுகிறோம். அதனால் குண்டுகள் ஒரே இடத்தில் இருந்து, ரோட்டுப் பள்ளத்தின் ஒவ்வொரு அடியையும் அங்கேயே இறக்குகின்றன. இறுக்கினால் குழி மறையாது, குண்டு அதற்குள் இன்னும் ஆழமாகத்தான் உட்காரும். அதனால்தான் சொல்கிறேன்: 'டக்' வந்துவிட்டால் இறுக்காதீர்கள், மாற்றுங்கள்.

கடையில் பைக்கின் மொடலையும் ஆண்டையும் சொல்லி முழுச் செட்டாக வாங்குங்கள். மேல், கீழ்க் கிண்ணங்கள், அவற்றுக்கு எதிரே குண்டைத் தாங்கும் கோன்கள், குண்டுகள் எல்லாம் இருக்க வேண்டும். பழைய கிண்ணத்துக்குப் புதுக் குண்டு போட்டு ஓட்டுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். கிறீஸை வள்ள எஞ்சின் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். மரைன் கிறீஸ் தண்ணீரில் லேசில் கழுவுப்படாது. உப்புக்காற்றும் மாரி வெள்ளமும் உள்ள நம் ஊருக்கு அதுதான் சரி.

கழற்றுவது

முதலில் ஹெட்லைட்டுக்குள் இருக்கும் வயர்களைப் போனில் படம் எடுங்கள். பிறகு முன் பிரேக் கேபிள், மீட்டர் கேபிள், சில்லு, மட்காட், போர்க் கால்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஹேண்டிலை வயரோடு டாங்கிக்கு மேல் சாய்த்து வைக்கலாம், டாங்கியில் துணி போட மறக்க வேண்டாம். அடுத்து மேல் நட்டையும், போர்க் கால்களை மேலே பிணைக்கும் மேல் பிரக்கட்டையும் எடுங்கள்.

இனி நிதானம் தேவை. பழைய வெள்ளைச் சாறன் ஒன்றைக் கீழே விரியுங்கள். ஒரு கையால் கீழ்ப் பிரக்கட்டை மேல்நோக்கித் தாங்கியபடி, மறு கையால் வெட்டுள்ள நட்டைக் கொக்கி ஸ்பனரால் திருகுங்கள். பிரக்கட்டை மெல்ல இறக்கும்போது குண்டுகள் கொட்டும். எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த பெரியவர், "எண்ணி வை மனே, ஒன்று குறைஞ்சா மறுகா தேடேலாது" என்பார். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று வேறுவேறாக எண்ணி எழுதுங்கள். சில பைக்குகளில் மேலும் கீழும் குண்டின் அளவே வேறு.

பழைய கிண்ணத்தை எடுக்க, தலைக்குழாயின் மறுபக்கத்தால் நீளமான இரும்புக் கம்பியை விட்டு, கிண்ணத்தின் உள் விளிம்பில் ஊன்றித் தட்டுங்கள். இடம் ஒரு தட்டு, வலம் ஒரு தட்டு. ஒரே பக்கம் அடித்தால் கிண்ணம் சாய்ந்து குழாயைக் கீறும். விளிம்பில் கம்பி பிடிக்கவே இல்லையென்றால், வெல்டிங்காரரைக் கொண்டு கிண்ணத்தின் உட்பக்கம் ஒரு வட்டம் ஒட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒட்டு ஆறும்போது சுருங்கும், கிண்ணமும் அதோடு சுருங்கி லேசாகக் கழன்று வரும். ஆனால் வெல்டிங்குக்கு முன் பெற்றோல் டாங்கியையும் பட்டரியையும் கழற்றித் தூர வையுங்கள். இதில் விளையாட வேண்டாம்.

கீழ்ப் பிரக்கட்டிலிருந்து மேலே போகும் தண்டுதான் ஸ்டெம்; அதில் இருக்கும் கீழ்க் கோனை உளியால் சுற்றிச் சுற்றித் தட்டி உயர்த்துங்கள். உளி ஸ்டெம்மில் படக்கூடாது.

போடுவது

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். புதுக் கிண்ணங்களை முதல் நாள் இரவே பொலித்தீனில் சுற்றி பிரீசரில் வைத்தால் மயிரிழை சுருங்கி இருக்கும், இறக்குவது சுலபம். பழைய கிண்ணத்தைக் கவிழ்த்து புதுக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து, அதன்மேல் சுத்தியலால் சமமாகத் தட்டுங்கள். குண்டு ஓடும் பாதையில் ஒரு அடிகூடப் படக்கூடாது. முதலில் மந்தமாகக் கேட்கும் சத்தம், கிண்ணம் அடியில் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். காது சொன்னதும் நிறுத்துங்கள். கீழ்க் கோனுக்கு முன் தூசு வளையத்தைப் போடுங்கள், பிறகு ஸ்டெம்முக்குச் சரியான குழாய்த் துண்டால் கோனின் உள் விளிம்பில் அடித்து இறக்குங்கள்.

கிண்ணத்தில் கிறீஸைத் தாராளமாக அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். கிறீஸ் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். வட்டம் நிரம்பியபின் சிறு இடைவெளி மிஞ்சுவதுதான் சரி. அதற்குள் இன்னொன்றைத் திணித்தால் குண்டுகள் உருளாது. ஸ்டெம்மை மேலே ஏற்றி, மேல் கோனை வைத்து நட்டைக் கையால் பூட்டுங்கள்.

இறுக்கம்தான் முழு வேலையின் உயிர். கொக்கி ஸ்பனரால் ஓரளவு இறுக்கி, ஸ்டெம்மை இரு பக்கமும் ஐந்தாறு தரம் முழுதாகத் திருப்புங்கள். பிறகு நட்டைத் தளர்த்தி, ஆட்டம் மட்டும் போகும் அளவுக்கு மீண்டும் மெதுவாக இறுக்குங்கள். மற்றவற்றைப் பூட்டி மேல் நட்டையும் இறுக்கியபின் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் மேல் நட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கீழே அமுக்கும். முன் சில்லு தூக்கிய நிலையில், நடுவிலிருந்து ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினால் எங்கும் தடக்காமல் தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் சாய வேண்டும். போர்க்கை ஆட்டினால் அசையக்கூடாது. எந்தக் கேபிளாவது இழுத்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேட்டைத் தாண்டுமுன் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். 200 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சில்லைத் தூக்கி ஆட்டம் பாருங்கள். புதுக் கிண்ணங்கள் தம் இடத்தில் நன்றாக உட்காரும்போது கொஞ்சம் லூஸ் விழும், நட்டை ஒரு இழை இறுக்கினால் போதும்.