டேலியில் பழைய ஆண்டுக் கணக்கைப் பிரித்துப் பாதுகாக்கும் முறை

மண்ணடி இரும்புக் கடைகளுக்கும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கும் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், ஒவ்வோர் ஆண்டும் சில முதலாளிகளிடமிருந்து ஒரே கேள்வி எனக்கு வருகிறது: "கம்ப்யூட்டர் மெதுவாகப் போகிறது, பழைய வருடங்களை எல்லாம் அழித்துவிடலாமா?" டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு கடையின் கணக்குத் தொகுப்பைக் 'கம்பெனி' என்பார்கள். எட்டு, பத்து ஆண்டு பில்கள் ஒரே கம்பெனிக்குள் சேர்ந்துகொண்டே போகும்போது ஸ்டாக் சம்மரி என்ற சரக்கு இருப்பு அறிக்கை திறக்கவே நேரமாவது உண்மைதான். ஆனால் அழிப்பது வேறு, பிரித்து வைப்பது வேறு. கைக்கணக்குக் காலத்தில் பேரேடு நிரம்பியதும் பாக்கியைப் புதுப் பேரேட்டுக்கு இழுத்து எழுதிவிட்டு, பழையதைத் துணியில் கட்டிப் பரண்மேல் வைத்தார்கள். கணினியிலும் செய்யவேண்டியது அதுவே. பாக்கியை இழுத்து எழுதுவதில் காட்டும் கவனத்தைப் பொறுத்துத்தான் இந்த வேலையின் தரம் அமையும்.

எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டனுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் ரிட்டனுக்கு 31.12.2022 கெடு என்பதால், அந்த ஆண்டின் பில்கள் 31.12.2028 வரை கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அந்த விவகாரத்துக்கு உரிய கணக்கைத் தொடக்கூடாது. பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிவு செய்திருப்பவர்களுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவு எட்டு நிதியாண்டுகள் என்கிறது. கடன் பாக்கிக்காக வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் அதற்குரிய ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வட்டில் இடம் மலிவாகிவிட்ட இக்காலத்தில் பத்து ஆண்டு வைத்திருப்பதுதான் என் பழக்கம்.

அடுத்தது, எப்போது பிரிப்பது என்பது. நிதியாண்டு முடிந்ததும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே பிரித்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வரும். எனக்கும் ஒருமுறை வந்தது. அந்தக் கடைக்கு மார்ச் 31 வரை ஒரு பாகம், ஏப்ரல் 1 முதல் ஒரு பாகம் என்று பிரித்துவிட்டேன். செப்டம்பரில் ஆடிட்டர் தேய்மானப் பதிவையும் நான்கு கிரெடிட் நோட்டுகளையும் (போட்ட பில்லின் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டுகள்) பழைய பாகத்தில் போடச் சொன்னார். பிரித்த பிறகு பழைய பாகத்தில் செய்யும் திருத்தம் எதுவும் புதிய பாகத்தின் தொடக்க இருப்புக்குத் தானாகப் போய்ச் சேராது. இரண்டையும் சமன்செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு நிதியாண்டின் விற்பனைக்கான கிரெடிட் நோட்டையும் விடுபட்ட உள்ளீட்டு வரியையும் (கொள்முதலில் கட்டி, நம் வரியில் கழித்துக்கொள்ளும் வரி) ஜிஎஸ்டியில் அடுத்த நவம்பர் 30 வரை காட்ட முடிகிறது, வருடாந்திர ரிட்டனுக்கோ டிசம்பர் 31 கெடு. ஆகவே பொங்கல் விற்பனை அடங்கிய ஜனவரிக் கடைசியே இதற்கு ஏற்ற காலம். அப்போதும், ஆடிட் கையெழுத்தான கடைசி ஓர் ஆண்டையாவது நடப்புக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டுகளை மட்டும் பிரிக்க வேண்டும். சென்ற ஆண்டு விலையை வாடிக்கையாளர் கேட்கும்போது வேறு கம்பெனியைத் திறந்து தேடும் தொல்லை இதனால் இல்லாமல் போகும்.

பிரிப்பதற்கு முந்தைய வேலைகளில் பில்வாரிப் பாக்கியைச் சரிசெய்வது மற்ற எல்லாவற்றையும்விட நேரம் எடுக்கும், எடுக்கத்தான் வேண்டும். திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு 18,400, 22,750, 31,200 ரூபாய்க்கு மூன்று பில்கள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் 40,000 ரூபாய் அனுப்புகிறார். கவுன்டரில் இருந்த பையன் எந்த பில்லுக்கு என்று கேட்காமல் 'ஆன் அக்கவுன்ட்' என்று வரவு வைத்துவிடுகிறான். லெட்ஜரில் பாக்கி 32,350 என்று சரியாகவே தெரியும். ஆனால் பில்வாரி அறிக்கையில் மூன்று பில்களும் முழுத் தொகையோடு நிலுவையில் நிற்க, 40,000 ரூபாய் தனியே தொங்கிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் பிரித்தால், மூன்று பில்களும் தொங்கும் தொகையும் அப்படியே புதிய பாகத்துக்குப் போகும். பணம் வந்த நாளும் வவுச்சரும் பழைய பாகத்தில் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து யாராவது பழைய தேதியிலிருந்து வரிசையாகக் கழித்து, இரண்டாவது பில்லில் 1,150 ரூபாயும் மூன்றாவது பில் முழுவதும் பாக்கி என்று கேட்பார்கள். அவரோ, முதல் பில்லில் ஆங்கிள் இரும்பின் எடை குறைந்ததென்று எடைமேடைச் சீட்டைக் காட்டிச் சொல்லிவிட்டு, மூன்றாவது பில்லை முழுதாகவும் இரண்டாவதில் 8,800 ரூபாயும் கட்டியதாகச் சொல்வார். இரண்டு கணக்கிலும் மொத்தம் ஒன்றுதான். தகராறு இருப்பது எந்த பில் என்பதில்.

எனவே அவுட்ஸ்டாண்டிங் என்ற நிலுவை அறிக்கையைத் திறந்து, 'ஆன் அக்கவுன்ட்' என்று நிற்கும் ஒவ்வொரு தொகைக்கும் வாடிக்கையாளரையோ சப்ளையரையோ தொலைபேசியில் கேட்டு, உரிய பில்லோடு இணைக்க வேண்டும். இது சரியாக இருந்தால் நிலுவை பில்கள் அவற்றின் எண்ணோடும் தேதியோடும் புதிய பாகத்துக்கு வந்துவிடும். தேதி முக்கியம்: கடன் பாக்கிக்கு வழக்குப் போட மூன்றாண்டு வரம்பு உண்டு, சப்ளையருக்கு 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டுக்குமே பில் தேதியில்லாமல் கணக்குப் பார்க்க முடியாது.

மற்றவை சுருக்கமானவை. பாஸாகாத காசோலைகளின் பட்டியலை வங்கிச் சரிக்கட்டலிலிருந்து அச்செடுத்து, மூன்று மாதம் கடந்தவற்றைத் திருப்பி எழுதிவிட வேண்டும். சரக்கில் மைனஸ் இருப்புக் காட்டும் ஐட்டங்களைத் திருத்த வேண்டும். பில் வராமல் சரக்கு மட்டும் வந்த வரவுகளையும், பில் போடாத டெலிவரி நோட்டுகளையும் முடித்துவிட வேண்டும். எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு ரூபாய்கூட மிஞ்சக்கூடாது.

இனி டேலி பிரைமில் செய்யும் முறை. எல்லாக் கணினிகளிலும் அந்தக் கம்பெனியை மூடிவிட்டு, ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, அதை இரண்டு வட்டுகளில் நகலெடுக்க வேண்டும். அதன்பின், பிரிக்கும் தேதிக்கு முந்தைய நாளின் டிரயல் பேலன்ஸ் (எல்லா லெட்ஜர் இருப்புகளின் பட்டியல்), பில்வாரிப் பாக்கி, ஸ்டாக் சம்மரி மூன்றையும் பிடிஎஃப் ஆகச் சேமிக்க வேண்டும். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க இவையே ஆதாரம். மீண்டும் ஆல்ட்+ஒய், அதில் பிரிப்பதற்கான ஸ்பிளிட், அதற்குள் முதலில் தரவைச் சரிபார்க்கும் வெரிஃபை. அது காட்டும் குறைகள் தீரும்வரை அடுத்த படிக்குப் போகக்கூடாது. பிறகு ஸ்பிளிட் டேட்டாவைத் தேர்ந்து, நிதியாண்டின் தொடக்க நாளான ஏப்ரல் 1ஐப் பிரிக்கும் தேதியாகக் கொடுக்க வேண்டும். மென்பொருள் இரண்டு புதிய கம்பெனிகளை உருவாக்கும். மூலக் கம்பெனி முழுமையாக அப்படியே இருக்கும். மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தால் ஊழியர்கள் தவறான கம்பெனியில் பில் போட்டுவிடுவார்கள். ஆகவே அன்றே, "2024 மார்ச் வரை – பார்வைக்கு மட்டும்" என்பதுபோல் பெயரை மாற்றிவிட வேண்டும்.

பிரித்து முடிந்ததும், சேமித்த மூன்று அறிக்கைகளையும் புதிய பாகத்தின் தொடக்க இருப்போடு ஒப்பிட வேண்டும். மொத்தத் தொகை ஒத்துப்போனால் போதாது. பெரிய பாக்கி உள்ள இருபது வாடிக்கையாளர்களையாவது பில் பில்லாகப் பார்க்க வேண்டும். சரக்கிலும் தொகையோடு அளவையும் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் புதிய பாகத்தில் தொடக்க இருப்பைக் கையால் மாற்றிச் சமன்செய்யாமல், புதிதாக உருவான இரண்டையும் நீக்கிவிட்டு, மூலக் கம்பெனியில் தவறைத் திருத்தி மறுபடி பிரிப்பதே முறை. ஒரு மாலை நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

பாதுகாக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தரைத்தளத்துக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கடை மேஜைக்குக் கீழே இருக்கும் கணினியிலும், அதன் பக்கத்து டிராயரில் இருக்கும் பென் டிரைவிலும் மட்டுமே நகல்கள் இருந்தால், ஒரே வெள்ளத்தில் இரண்டும் போய்விடும். ஒரு வட்டு கடையில், ஒன்று வீட்டு மாடியில், ஒன்று இணையச் சேமிப்பில் என்று மூன்றாக வைக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்துக்கு உட்பட்டவர்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் சேமிக்கப்பட வேண்டும் என்பது விதி.

பழைய கணக்கு பல ஆண்டுகளுக்குப் பிறகும் திறக்க வேண்டும் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். டேலியின் எந்த வெளியீட்டில் பேக்கப் எடுக்கப்பட்டது என்பதை வட்டின்மேல் எழுதி ஒட்ட வேண்டும். புதிய வெளியீட்டுக்கு மாற்றிய தரவைப் பழைய வெளியீடு திறக்காது. கம்பெனித் தரவைப் பூட்டி வைக்கும் டேலி வால்ட் வசதியின் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியே கிடையாது. அதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் முதலாளியே வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கர் வேலையை விட்டுப் போகும் நாளில் உறையைப் பிரித்து, அந்தக் கடவுச்சொல் இப்போதும் வேலை செய்கிறதா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு ஆண்டுவாரியாக லெட்ஜர்களையும், நாள்வாரிப் பதிவான டே புக்கையும் பிடிஎஃப் ஆகவும் எக்ஸலாகவும் எடுத்து வைத்தால், மென்பொருளே இல்லாத கணினியிலும் கணக்கைப் படிக்கலாம்.

கடைசியாக, கடைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு கணினியில் அந்த வட்டைச் செருகி, பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, ஆடிட்டர் கையெழுத்திட்ட பேலன்ஸ் ஷீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனாலும் மூலக் கம்பெனியைக் கடைக் கணினியிலிருந்து உடனே நீக்க வேண்டாம். புதிய பாகத்தை வைத்து ஓர் ஆண்டு ஆடிட் முழுமையாக முடிந்து கையெழுத்தான பிறகு நீக்கலாம்.