மருந்து அடிக்கும் எஸ்ஓபி: பழைய தாளைச் சுவரிலிருந்து கழற்றும் வரை

எஸ்ஓபி (வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிய செய்முறைத் தாள்) ஒன்றில் மேனேஜர் கையெழுத்துப் போட்டதும் திருத்தம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தப்பு. மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எஸ்டேட் ஒன்றில், அதைக் கலக்கச் சொல்லி மருந்து ஸ்டோர் கதவில் 2018-இல் ஒட்டிய தாள் கிழியாமல் இருந்தால், ஆபீஸ் கணினியில் எத்தனை புதுசு இருந்தும் மருந்து கலக்குபவர் அதைத்தான் படிப்பார்.

திருத்தக் கோரிக்கையில் எந்தப் பகுதி, ஏன் என்ற இரண்டும் வேண்டும். 'சில மாற்றங்கள்' என்று எழுதியதைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கோப்பை எடுத்துத் திருத்தட்டும். இருவர் திருத்தினால் பிறகு சேமித்தவருடையதே மிஞ்சும். நடப்பில் இருப்பது திருத்தம் 03 என்றால், வரைவுக்கு 04-வரைவு1, 04-வரைவு2 என்று பெயர் வையுங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகே வெறும் 04. சரிபார்ப்பவர் மருந்து அடிக்கும் கும்பலின் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருப்பது நல்லது. தெளிப்பானில் எது நடக்காது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒப்புதல் தேதியும் நடைமுறைத் தேதியும் ஒன்றல்ல. நடுவில் ஒரு வாரம் விட்டு, காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும்போது) விளக்கி, கையெழுத்து வாங்குங்கள். மலாய்ப் பிரதி 04-க்கு ஏறி, தமிழ்ப் பிரதி 03-இலேயே நிற்பது அடிக்கடி நடக்கும். மொழிபெயர்ப்பு முடியாமல் வெளியிடாதீர்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு அச்சுப் பிரதிக்கும் எண் கொடுத்து, எது எங்கே என்று பட்டியலில் குறியுங்கள்: 1 ஆபீஸ், 2 ஸ்டோர், 3 பெரட்டுக் களம், 4 கிளினிக். 'கட்டுப்பாட்டுப் பிரதி' முத்திரையைச் சிவப்பு மையில் குத்துங்கள். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் முத்திரை கறுப்பாக விழும்; கள்ளப் பிரதி பார்த்தவுடன் தெரிந்துவிடும். (வாட்ஸ்அப் படத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. குழுவில் போட்டதை நீக்கச் சொல்லித்தான் ஆகவேண்டும்.) புதியதைக் கொடுக்கும் கையோடு பழையதை வாங்குங்கள். நான்கு போனால் நான்கு திரும்ப வேண்டும். ஒன்றை மட்டும் 'காலாவதி' முத்திரையோடு கோப்பில் வைத்து, மற்றவற்றைக் கிழித்துவிடுங்கள்.

பாரங்களுக்கும் (படிவங்களுக்கும்) இதே கணக்குதான். எழுதி நிரப்பியவை பதிவுகள். அவற்றில் கை வைக்கக் கூடாது. நிரப்பாத பழைய பாரம் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறதே என்று கிராணி (எஸ்டேட் குமாஸ்தா) கணக்கு எழுதப் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டால், அடுத்த மாதம் முன்பக்கம் நிரம்பி உங்கள் மேசைக்கே வரும்.