சைக்கிளோடு பாசஞ்சர் ஏறப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பாபநாசம் ஸ்டேஷனில் காலை பாசஞ்சர் நிற்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. போன வருடம் ஒரு திங்கட்கிழமை, தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்திருந்த ஒரு பையன் அதற்குள் தன் சைக்கிளை ஏற்றப் பார்த்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். முன்சக்கரம் உள்ளே போய்விட்டது. ஹேண்டில்பார் வாசல் கம்பியில் மாட்டிக்கொண்டது. பெடல் நேராக ஒரு பூக்கார அம்மாவின் கூடைக்குள் இறங்கியது. “தம்பி, எறக்குப்பா, பூவெல்லாம் நசுங்குது” என்று அவர் கத்த, உள்ளே இருந்த நல்ல மனசுக்காரர் ஒருவர் சைக்கிளைப் பிடித்து ஒரே இழுவையாக உள்ளே இழுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. சைக்கிள் தஞ்சாவூருக்குப் போனது, பையன் பிளாட்பாரத்திலேயே நின்றான்.

அடுத்த வண்டியில் போய் அபராதம் கட்டி மீட்டு வந்தான் என்று பிறகு தெரிந்தது. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே தினமும் போய்வருகிற எனக்கு இந்த மாதிரிக் காட்சி புதிதில்லை. எல்லோரும் செய்வது ஏறக்குறைய அதே தவறுகள்தான்.

“முப்பத்தைந்து கிலோ வரை இலவசம்தானே?”

இதுதான் பெரிய தவறு. இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்கு 35 கிலோ வரை சாமான் இலவசம் என்பது உண்மை. சாதாரண சைக்கிள் அந்த எடைக்குள் அடங்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சலுகை சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்குக் கிடையாது என்று ரயில்வே விதியே சொல்கிறது. எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சைக்கிளுக்குத் தனியாகப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும்.

பணம் கட்டினாலும் அது உங்கள் பக்கத்தில் வராது. பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமானுக்கு அளவு உண்டு: நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60, கனம் 25. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளம். பெட்டிக்கான அளவைத் தாண்டுவதெல்லாம் பிரேக் வேனில், அதாவது கார்டு பெட்டியில் உள்ள சாமான் அறையில்தான் போகவேண்டும். புக் செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால், சாமான் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிக்கலாம். சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன் என்று நீட்டினால் பரிசோதகர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுப்பார். சீசன் உங்களுக்கு, சைக்கிளுக்கு அல்ல.

“கூட்டமில்லாத நேரத்தில் ஏற்றினால் தப்பில்லையே?”

இந்த எண்ணம் வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். லண்டன் பாதாள ரயிலில் அப்படித்தான்: வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் மடிக்காத சைக்கிளுக்கு இடமில்லை. மற்ற நேரத்தில் சில தடங்களில் விடுவார்கள். நம் பக்கத்து வண்டிகளில் விதி நேரத்தை வைத்து இல்லை, அளவை வைத்து. மத்தியானம் பெட்டி காலியாகக் கிடந்தாலும் 180 சென்டிமீட்டர் 180 சென்டிமீட்டர்தான். கூட்டம் செய்வது ஒன்றே ஒன்று: பரிசோதகர் வருவதற்கு முன்பே உங்களைத் திட்டிவிடும்.

மடிப்பு சைக்கிளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மடித்தால் சூட்கேஸ் மாதிரிதானே என்று வாங்குகிறார்கள். 20 அங்குலச் சக்கரம் உள்ளவற்றை மடித்தால் நீளமும் உயரமும் ஓரளவு சமாளிக்கலாம், கனம்தான் பெரும்பாலும் 25 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. சிறிய சக்கரம் உள்ளவையும் மயிரிழையில்தான் தப்பும், சில தப்பாது. வாங்கும் முன்பே கடையில் மடிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்துவிடுங்கள். மடித்ததை உறை போட்டு, கிரீஸ் பட்ட சங்கிலி வெளியே தெரியாமல் சீட்டுக்கடியில் தள்ளினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அனுபவம். அதை உரிமை என்று மட்டும் வாதாடாதீர்கள்.

வண்டி எது என்று பார்க்காமல் வருவது

ரசீது போட்டுவிடலாம் என்று ஸ்டேஷனுக்கு வந்தபிறகு பலருக்குத் தெரிவது இது: நம் பக்கம் ஓடும் டெமு, மெமு வண்டிகளில் (டீசலிலும் மின்சாரத்திலும் ஓடும் குறுந்தூர ரயில்கள்) சாமான் ஏற்றும் பிரேக் வேன் பொதுவாக இருக்காது. முழுக்க ஆள் ஏறும் பெட்டிதான். 2019-இல் அகலப்பாதையாகத் திறந்த திருவாரூர் – காரைக்குடி தடத்தில் டெமு வந்தபோது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பட்டுக்கோட்டைக்கு சைக்கிளை அனுப்பலாம் என்று குதூகலித்தார். அந்த வண்டியில் அதற்கு இடமே இல்லை.

எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கடைசிப் பெட்டியைப் பாருங்கள். பாதியில் கார்டு இருப்பார் (2022-லிருந்து அவர் பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர், ஆனாலும் நமக்கு கார்டுதான்), அதை ஒட்டி சாமான் அறை. சைக்கிள் போகும் இடம் அதுதான். பல வண்டிகளில் அதே பெட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதியும் இருக்கும். பக்கத்தில்தானே இருக்கிறது என்று சைக்கிளை அங்கே தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர் கீழே நிற்க, சைக்கிள் மேலே சாய்ந்திருக்கும். விதியை விடுங்கள், பார்க்கவே கூசுகிறது. கார்டிடம் ஐம்பது ரூபாய் நீட்டி ஏற்றச் சொல்வதும் வேண்டாம். ரசீது இல்லாத சாமான் என்றால் அவருக்கும் சிக்கல்.

புக் செய்யும்போது சொதப்புகிற இடங்கள்

லக்கேஜ் வேறு, பார்சல் வேறு. உங்கள் டிக்கெட்டைக் காட்டி, அதே வண்டியில் கூட வருவதற்காகப் போடுவது லக்கேஜ். டிக்கெட் இல்லாமலே அனுப்புவது பார்சல், அது எந்த வண்டியில் ஏறுமோ அந்த வண்டியில் வரும். கவுண்டரில் “சைக்கிள் அனுப்பணும்” என்று மட்டும் சொன்னால் பார்சல் போட்டுவிடுவார்கள். நீங்கள் மயிலாடுதுறையில் இறங்கிக் காத்திருப்பீர்கள், சைக்கிள் நாளைக்கு வரும். “இந்த வண்டியிலேயே லக்கேஜ்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வண்டி புறப்படக் குறைந்தது 30 நிமிடம் முன்னால் சாமானைக் கொடுக்கவேண்டும். சாக்கு சுற்ற, கட்ட நேரம் வேண்டுமென்பதால் நான் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவேன்.

அப்புறம், இறங்கும் ஊர். ஒரு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் பிரேக் வேனைத் திறந்து இறக்கிக் கொடுக்க நேரம் ஏது? பெரிய ஸ்டேஷனுக்குப் போட்டுவிட்டு மீதியை மிதித்துக்கொண்டு போவதுதான் லேசு. போய்ச் சேர்ந்ததும் உடனே எடுத்துவிடுங்கள், கிடந்தால் நாள்பட்ட சாமானுக்கு வாடகை ஏறும்.

பழைய லேபிள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பெயர், ஊர், செல் நம்பரை இரண்டு இடத்தில் எழுதிக் கட்டுங்கள். பம்ப், விளக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கியர் சைக்கிளானால் மதிப்பைச் சொல்லி அதற்கான தொகையையும் கட்டுங்கள். சொல்லாமல் விட்டால், லக்கேஜுக்கு இழப்பீட்டு வரம்பு கிலோவுக்கு 100 ரூபாய். பதினைந்து கிலோ சைக்கிளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா சமயம், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, நாகப்பட்டினம் பக்கம் சைக்கிளில் வந்துவிட்டு ரயிலில் திரும்ப நினைப்பவர்கள் உண்டு. அந்த நாட்களில் ஆள் ஏறவே இடமிருக்காது. திரும்புவதையும் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முன்பே பார்சல் ஆபீசில் விசாரித்துவிடுங்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. பால் கேனைத் தொங்கவிடுவதுபோல் சைக்கிளை ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டுவது ஒன்று: பிளாட்பார விளிம்பில் பெடல் இடித்தால் போதும். சைக்கிள் வாசலில் மாட்டிக்கொண்டதென்று ரயிலை நிறுத்தும் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுப்பது இன்னொன்று. போதிய காரணமின்றி இழுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சைக்கிள் மாட்டியது போதிய காரணம் என்று எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தினசரிப் பயணத்துக்கு என் வழி இரண்டு சைக்கிள். வீட்டுப் பக்க ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஒன்று, வேலை பார்க்கும் ஊர் ஸ்டாண்டில் பழைய சைக்கிள் ஒன்று. மாதச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். தினமும் டோக்கனைத் தொலைக்கும் வேலை மிச்சம். அந்தப் பையனும் இப்போது அப்படித்தான், தஞ்சாவூர் ஸ்டாண்டில் அரசு சைக்கிள், பாபநாசத்தில் அப்பாவின் பழைய சைக்கிள். பூக்கார அம்மா மட்டும் அவன் ஏறும்போதெல்லாம் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்.