மழைத்தண்ணீரை டிரம்மில் பிடிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகு, நானும் மொட்டை மாடிக் குழாய்க்குக் கீழே ஒரு நீல டிரம்மை வைத்தேன். 200 லிட்டர் பிடிக்கும். வைத்தால் போதும், மழை வந்து நிரப்பிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். நிரப்பத்தான் செய்தது. ஆனால் நிரம்பியது என்ன தண்ணீர், நிரம்பிய பிறகு மிச்சம் எங்கே போனது என்று முதல் வருடம் யோசிக்கவே இல்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆக, 10 மில்லிமீட்டர் மழைக்கே 930 லிட்டர் விழுகிறது. மாடி உறிஞ்சுவது, சிதறுவது போனாலும் 700 லிட்டருக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்வது நமக்குப் புதிதல்ல. மாடி தருவதில் ஒரு சிறு பங்குதான் டிரம்முக்குள் அடங்கும். இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, முதல் மழையைப் பிடிப்பது. மாதக்கணக்கில் மாடியில் சேர்ந்த தூசி, காக்கை புறா எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையில் கழுவிக்கொண்டு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மில்லிமீட்டருக்கு 186 லிட்டர். கழிவுத் தண்ணீரிலேயே டிரம் நிறைந்துவிடும், பின்னால் வரும் நல்ல தண்ணீர் வழிந்து தெருவுக்குப் போகும்! மழைக்கு முன்பே மாடியைப் பெருக்குங்கள். குழாய் முனையில் ஒரு வளையும் ஹோஸைப் பொருத்தி, முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரை வெளியே விட்டு, தெளிந்த பிறகு டிரம்முக்குத் திருப்புங்கள். எங்கள் பாட்டி நாலு முனையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் கூழாங்கல்லைப் போட்டு, கீழே குடம் வைத்து மழைநீர் பிடிப்பார். அவரும் நன்றாகப் பெய்து ஓய்ந்து மறுபடி பிடிக்கும் மழையில்தான் வேட்டியைக் கட்டுவார்.

அடுத்தது வழியும் தண்ணீர். டிரம்மின் மேற்பகுதியில் உள்ளே வரும் பைப் அளவுக்கே அகலமான ஓவர்ஃப்ளோ பைப் வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லாமல் இரண்டு மழைக்காலம் சுவரடியிலேயே வழிந்தது. பெயின்ட் உப்பி, உள்பக்கம் உப்பு பூத்து, கையால் தொட்டாலே பூச்சு பொடியாக உதிர்ந்தது. இப்போது அந்தப் பைப்பை மழைநீர்க் குழிக்கு இழுத்துவிட்டேன். தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது தோண்டிய குழி உங்கள் வீட்டிலும் மண் மூடிக் கிடக்கலாம். அதைத் தூர்வாரி இணைத்துவிடுங்கள். டிரம் கொள்ளாதது நிலத்துக்குள் போகட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒருநாள் காலையில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் என் நிழல் பட்டதும் ஒரே நேரத்தில் நெளிந்து அடிக்கு இறங்கின. மூடி இருந்தது, ஆனால் பைப் நுழையும் ஓட்டையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. அது போதும் அதற்கு. அந்த இடைவெளியையும் ஓவர்ஃப்ளோ வாயையும் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். முட்டை கொசுவாகச் சுமார் எட்டுப் பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும்.

பழைய டிரம் வாங்கினால், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரசாயனம், பூச்சிமருந்து இருந்தது என்றால் செடிக்குக்கூட வேண்டாம். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம்மில் பாசி பிடிக்கும். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும், அடுக்கிவைத்த செங்கல் மேல் அதை நிறுத்துவது ஆபத்து. சிமென்ட் பூசிய சமமான மேடை கட்டுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் மூடியைக் கையால் திறக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். டிரம்மிலிருந்து தண்ணீர் எடுக்கும் திருகு குழாயை அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் வையுங்கள், வண்டல் அடியிலேயே தங்கிவிடும்.

தெளிவாகத் தெரிகிறதே என்று அப்படியே குடிக்கவும் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்தோ புதிதாக அடித்த வாட்டர்புரூஃப் பெயின்டிலிருந்தோ வருவது போகாது. துணி துவைக்க, வீடு துடைக்க, செடிக்கு ஊற்ற எடுத்துக்கொள்ளுங்கள். மென்தண்ணீர் என்பதால் சோப்பு நன்றாக நுரைக்கும்.

அப்புறம், பத்திரப்படுத்துகிறேன் என்று நிறைந்த டிரம்மைத் தொடாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நிறைந்த டிரம் அடுத்த மழையில் ஒரு சொட்டும் பிடிக்காது. மழைக்காலத்தில் அன்றன்றைக்கு மொண்டு செலவழியுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த மழை வரைக்கும் கவிழ்த்து வையுங்கள்.