ரேடியேட்டர் பாதி குளிருதா? ஏர் எடுங்கள்

எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் இங்கிலாந்தில் நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள். நான் அங்கே பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், நவம்பர் பிறந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். போன வருடம் அடுத்த வீட்டுப் பிள்ளை கூப்பிட்டாள். "மாமா, ஹீட்டர் ஓடிட்டுதான் இருக்கு, ஆனா ரூம் சூடாகவே மாட்டேங்குது. ஸ்வெட்டர் போட்டுட்டுத்தான் தூங்குறேன்." எத்தனை நாளாக என்று கேட்டேன். இருபது நாளாம். வாடகை வீட்டில் எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ, வீட்டுக்காரரிடம் சொன்னால் கோபப்படுவாரோ என்ற பயம். நைட் டியூட்டி முடிந்து வந்து குளிரில் சுருண்டு கிடந்திருக்கிறாள். இனிமேல் போகிற யாரும் அப்படிக் கிடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அங்கே பாய்லரில் சூடான தண்ணீரைப் பம்ப் தள்ளிவிடும். அது குழாய் வழியாக, ஒவ்வொரு அறையிலும் சுவரோடு நிற்கும் ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைக்குள்ளும் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப பாய்லருக்கே வரும். இந்தச் சுற்றில் காற்று புகுந்துவிட்டால் அது மேலே போய் நிற்கும். காற்று நிற்கிற இடத்துக்குச் சுடுதண்ணீர் ஏறாது. குளச்சல், முட்டம் பக்கம் போட் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். டீசல் தீர்ந்து லைனில் காற்று ஏறிவிட்டால், நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுத்தால்தானே எஞ்சின் ஓடும்? அதே வேலைதான் இதுவும்.

முதலில் ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள், பார்த்து, சூடு அதிகமாக இருக்கும். மேல்பக்கம் குளிர்ந்து அடி சூடாக இருந்தால் உள்ளே காற்று. மேலே சூடாக இருந்து அடியில் நடுப்பகுதி குளிர்ந்தால் அது காற்று இல்லை. இரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சகதியாக அடியில் படிந்திருக்கிறது. அதற்கு ஏர் எடுத்துப் பலனில்லை, ஆள் வந்து கழுவ வேண்டும். முழுசாகவே குளிர்ந்திருந்தால் பக்கவாட்டில் நம்பர் போட்ட திருகு இருக்கிறதா பாருங்கள். அது பூஜ்யத்திலோ பனிப்பூ அடையாளத்திலோ இருந்தால் மூன்றுக்கோ நாலுக்கோ திருப்பினாலே போதும். பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, காற்றுதான் என்று தெரிந்துவிட்டது. இதற்கென்று ஒரு குட்டிச் சாவி உண்டு, உள்ளே சதுர ஓட்டை இருக்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், விலை ஒன்றுமில்லை. சில புது ரேடியேட்டர்களுக்கு சாதா ஸ்குரூ டிரைவரே போதும். ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுத் தவிர்க்காதீர்கள். உள்ளே இருப்பது கையைப் பொசுக்கும் தண்ணீர். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் மேலும் காற்றை உள்ளே இழுக்கவும் கூடும்.

ரேடியேட்டரின் மேல் மூலையில் ஒரு ஓரத்தில் சின்ன சதுர முனை தெரியும். அதற்குக் கீழே பழைய துவர்த்தை (துண்டை) மடித்துப் பிடியுங்கள், தரையில் ஒரு கிண்ணம் வையுங்கள். சாவியை மாட்டி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகக் கால் சுற்று, மிஞ்சிப்போனால் அரைச் சுற்று. 'ஸ்ஸ்' என்று காற்று வரும், லேசான துரு வாடையும் வரும். கையை எடுக்காமல் அப்படியே பிடித்திருங்கள். சத்தம் விட்டுவிட்டு வரும், நாலு துளி தெறிக்கும், அப்புறம் தண்ணீர் சீராகக் கசியும். உடனே மூடிவிடுங்கள். ரொம்ப முறுக்க வேண்டாம், பித்தளை முனை மழுங்கிவிடும். திறக்கும்போதும் முழுசாகக் கழற்றவே கூடாது. என் முதல் குளிர்காலத்தில் காற்று சீக்கிரம் போகட்டும் என்று நான் திருகிக்கொண்டே போனேன். திருகு கையோடு வந்து, கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் பீய்ச்சி அடித்தது. அந்தக் கறை போகவே இல்லை. வீடு காலி செய்தபோது அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள்.

மாடி வீடு என்றால் கீழ்த்தளத்தை முடித்துவிட்டு மேலே போங்கள்.

நிறையப் பேர் ஏர் எடுத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் மறுநாள் பாய்லரே நின்றுபோகிறது. காற்று வெளியே போனதால் உள்ளே பிரஷர் குறைந்திருக்கும். பாய்லரில் கடிகாரம் போல ஒரு மீட்டர் இருக்கும். பிரஷரை 'பார்' என்ற அளவில் காட்டும். ஆறிய நிலையில் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். 1-க்குக் கீழே போயிருந்தால், பெரும்பாலும் பாய்லருக்கு அடியில் வெள்ளி நிறத்தில் பின்னிய குழாய் ஒன்று இருக்கும். அதன் வால்வுகளை மெல்லத் திறந்து, முள் ஏறியதும் இரண்டையும் இறுக்கமாக மூடுங்கள். மறந்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீர் வெளியே கொட்டும். உங்கள் பாய்லரில் அமைப்பு வேறு மாதிரி இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டே செய்யுங்கள். பரணில் குட்டித் தொட்டி வைத்த பழைய வீடுகளில் தண்ணீர் தானாக நிரம்பிக்கொள்ளும். பாய்லரின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். அது 'கேஸ் சேஃப்' என்ற பதிவேட்டில் பெயர் உள்ள கேஸ் மெக்கானிக்குகளின் வேலை.

அந்தப் பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே செய்தாள். காற்று போகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. அரை மணி கழித்து, "மாமா, மேலேயும் சுடுது!" என்று மெசேஜ். பத்தே நாளில் அதே ரேடியேட்டர் மறுபடி குளிர்ந்தது. அடிக்கடி அப்படி ஆனால் எங்கோ கசிவு, இல்லை உள்ளே துரு அரிக்கிறது என்று அர்த்தம். அது நாம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாதாரண வாடகை வீட்டில் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் பழுது பார்த்துத் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. இங்கிலாந்தில் 1985-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. போனில் சொல்வதோடு விடாமல், எந்தத் தேதியிலிருந்து, எந்த அறை, எத்தனை முறை ஏர் எடுத்தோம் என்று போட்டோவோடு மெயில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். அந்த வாரமே ஆள் வந்து பார்த்தார். குழாய் இணைப்பு ஒன்றில் கசிவு.