டெலஸ்கோப்புக்கு முதல் ஃபில்டர்: எதில் காசு போடலாம்?

டர்பனில், சாட்ஸ்வொர்த் மாதிரி தெருவிளக்கு நிறைந்த இடத்தில் வீட்டு முற்றத்திலிருந்தே வானம் பார்க்கிறவர்கள் ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதானால் யுஎச்சி (UHC) என்ற வகையை வாங்குங்கள். பல நிறத்தில் பெட்டியாக விற்கும் செட் வேண்டாம், அதில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

யுஎச்சி, நெபுலாவின் (விண்வெளியில் இருக்கும் வாயு மேகத்தின்) வாயு வெளிவிடும் 486, 496, 501 நானோமீட்டர் ஒளியை உள்ளே விட்டு, மற்றதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சித்திரையில் இரவு ஒன்பது மணி வாக்கில் கரீனா நெபுலா தெற்கே நல்ல உயரத்தில் இருக்கும், அதைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பிடித்து, ஃபில்டரைத் திருகாமல் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்கும்) நடுவே விரலில் பிடித்து உள்ளே வெளியே நகர்த்திப் பாருங்கள், நட்சத்திரங்கள் மங்கும், பின்னணி கறுக்கும், நெபுலாவின் இருண்ட பிளவு பளிச்சென்று தெரியும். நண்பரிடம் இருந்தால் இப்படிச் சோதித்துவிட்டே வாங்கலாம்.

ஐபீஸ் 1.25 அங்குலமா 2 அங்குலமா என்று முதலில் பாருங்கள், ஃபில்டரும் அதே அளவில் வேண்டும், சின்னது விலை குறைவு.

ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, கேலக்ஸிகள் இதற்கெல்லாம் ஃபில்டர் உதவாது, அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டு வானம் இருட்டாக இருக்கும் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போய்விடுங்கள். 'சிட்டி லைட்' என்று விற்பவை பழைய சோடியம் விளக்குக்குச் சரி, வெள்ளை எல்இடிக்கு அவ்வளவாக எடுபடாது. நிலா கண்ணைக் கூசினால் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் போதும்.

அப்புறம், ஐபீஸில் திருகும் 'சன்' ஃபில்டர் பழைய டெலஸ்கோப்போடு வந்திருந்தால் உடனே உடைத்துக் குப்பையில் போடுங்கள், சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கு டெலஸ்கோப்பின் முன்வாயை முழுக்க மூடும் ஃபில்டர் மட்டும்தான்.